இருபத்தைந்தாவது இலக்கம்

ஜூலை 4

பெருமதிப்புக்குரிய அக்காவுக்கு,

இதனால் உலகத்தாருக்கு அறிவிப்பது யாதெனில், நம் குளியலறைக் குழாய் சொட்டுவதை நிறுத்திவிட்டது. அப்பா பழுது பார்க்கவில்லை. தண்ணீரே வரவில்லை.

அடுத்தது சின்னச் செய்தி: உன் தம்பி உலக சாதனை படைத்துவிட்டான்!

விடுதியிலிருந்து ஒரு பகா எண் அனுப்பினாயே, 357686312646216567629137? இடப்பக்கமிருந்து ஒவ்வொரு இலக்கமாக வெட்டினாலும் மிச்சம் பகா எண்ணாகவே நிற்கும், கடைசியில் 137, 37, வெறும் 7 என்று? இந்த வகையில் இதைவிடப் பெரியது கிடையாது என்று பீற்றினாயே? இனி உண்டு! முன்னால் ஒரு 5 போட்டேன். ராத்திரி பகலாக வகுத்துப் பார்த்தேன், எதற்கும் மசியவில்லை. கணக்கு மிஸ் விடுப்பில் இருக்கிறார். தலைமை ஆசிரியர் அசந்தே போனார். வெள்ளிக்கிழமை பள்ளிக் கண்காட்சியில் நடுமேசை எனக்கு. பலகையில் 'கண்டுபிடித்தவர்' என்று என் பெயர் மட்டும் ஒரு முழ நீளம்!

இப்படிக்கு,
சாதனைத் தம்பி

ஜூலை 8

டேய் வாலு,

இலக்கங்களைக் கூட்டிப் பார். 117. மூன்றால் வகுபடும். அப்படியென்றால் உன் சாதனையும் மூன்றால் வகுபடும். ராத்திரி பகலாக எதை வைத்து வகுத்தாய், கரண்டியையா?

5 மட்டுமில்லை. ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எதை முன்னால் ஒட்டினாலும் பகா எண் வராது. எல்லாவற்றையும் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். இருபத்து நான்கு இலக்கம்வரை விடாமல் ஏறி வந்து, அங்கே பட்டென்று கதவைச் சாத்திக்கொள்கிறது. அதைப் பார்த்த அன்று நம்பாமல் மூன்று தடவை மறுபடி ஓட்டிப் பார்த்தேனடா!

அந்த எண்ணைத் தேடும் கணினி நிரலை எழுத நான் எத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்! விடை வந்ததும் முதலில் உனக்குத்தான் சொன்னேன். உன் பலகையில் எனக்கு ஓர் ஓரம்கூட இல்லையா? இப்படித்தான் என்றால் இனி உனக்கு எதையும் அனுப்பமாட்டேன்.

அக்கா

ஜூலை 11

அக்கா, அக்கா, அக்கா!

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. கண்காட்சியில் என் மேசைமேல், மேசை நீளத்துக்கு எண் எழுதிய காகிதப் பட்டை. தலைமை ஆசிரியர் கத்தரிக்கோலை நீட்டி, "வெட்டப்பா" என்றார். "முதல்ல இதை வெட்டணும் சார். இது நான் சேர்த்த கலப்படம்" என்று அந்த 5-ஐ வெட்டிப் போட்டேன். எல்லோர் முன்னாலும்! காது சுட்டது.

"மிச்சம் எங்க அக்காவோடது. இப்பப் பாருங்க!"

ஒவ்வொரு வெட்டுக்கும், விடுப்பு முடிந்து வந்திருந்த கணக்கு மிஸ் கணினியில் சரிபார்த்து, "பகா எண்!" என்றார். "இன்னும் நிக்குதுடா!" என்று பசங்கள் கத்தினார்கள். அடுத்த மேசை எரிமலைக்காரன் எரிமலையை விட்டுவிட்டு ஓடிவந்தான். வெறும் 7 மிஞ்சியபோது விசில் பறந்தது. நீ பார்த்திருக்கணும் அக்கா!

பலகையில் இப்போது உன் பெயர். கீழே பொடி எழுத்தில் 'வெட்டியவர்: தம்பி'. அடுத்த எண்ணையும் எனக்கே முதலில் அனுப்பேன்.

அப்புறம்... ராத்திரி பகலாக வகுத்தேன் என்றேன் இல்லையா? கால்குலேட்டரில் அத்தனை இலக்கம் நுழையவே இல்லை. ஒரு தடவைகூட வகுக்கவில்லை. ஏன் 5 என்றால், எனக்குக் கோணாமல் எழுத வருவது அது ஒன்றுதான்.

தம்பி (வெறும்)