அம்புக்குறிக்கு எதிரே ஒரு பிரதட்சிணம்

பங்குனி, வெள்ளிக்கிழமை இரவு.

மத்தியானம் ஏதென்ஸிலிருந்து வைதேகி கூப்பிட்டாள். பழங்காலக் கிரேக்கக் கோயில்களைப் பற்றிப் படிக்கப் போன என் பெண். இன்று ஒரு பாழடைந்த கோயிலில் காவலாளி அவளைப் பார்த்து விசில் ஊதினாராம்.

"எல்லாரும் அம்புக்குறி போட்ட வழியிலே போறா. நான் பாட்டுக்கு எதிர்ப்பக்கமா சுத்திண்டிருக்கேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, பிரதட்சிணம் பண்றேன்னு." சிரித்தாள்.

இதற்குப் போய் விசில் ஊதுவானேன்?

"உள்ளே யாரு இருக்கா?" என்று கேட்டேன்.

"யாருமே இல்லேம்மா. ஒரு தேவி கிழக்கே பார்த்து இருந்தாளாம். பீடம் இருந்த இடம் மட்டும் தெரியறது. மேலே வெறும் வானம்."

அந்தத் தேவியை நினைத்துத்தான் மனசு சரியில்லை என்று எண்ணிக்கொண்டு, சாயங்காலம் பெரிய கோயிலுக்குப் போனேன். தாயார் சன்னிதிப் பிராகாரத்தைச் சுற்றும்போது அந்தத் திருப்பம் வந்தது. தூண் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டே வைதேகி எப்போதும் பின்தங்கிவிடும் இடம். பழக்கத்தில் நின்றுவிட்டேன்.

பின்னால் வந்த அம்மாள், "போங்கம்மா, வழியில நிக்கிறீங்களே" என்றார்.

ஓரமாக ஒதுங்கினேன். ஆனால் நின்றுகொண்டுதான் இருந்தேன்.