தக்காளி நாற்றும் லாமியாவின் கைராசியும்

அனுப்புநர்:
மு. உம்மு ஹபீபா,
க/பெ. முஸ்அப்,
பள்ளிவாசல் மேலத்தெரு,
பனைக்குளம்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
தோட்டக்கலை உதவி இயக்குநர் அவர்கள்,
வட்டாரத் தோட்டக்கலை அலுவலகம்.

பொருள்: வீரிய ஒட்டுத் தக்காளியில் விதை எடுத்து, நாற்றுவிட்டு, அண்டை வீடுகளுக்குக் கொடுத்ததால் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த அவப்பெயரை நீக்கவும், எங்கள் உப்புத் தண்ணீருக்கு ஏற்ற ரகம் பரிந்துரைக்கவும் வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதைப் புகார் மனு என்றுதான் எழுத உட்கார்ந்தேன். யார் மீது புகார் என்று யோசித்தால் என்னைத் தவிர வேறு பெயர் வரவில்லை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

1. சென்ற ஆண்டு தங்கள் அலுவலகம் நடத்திய வீட்டுத்தோட்ட முகாமில் எனக்கு வீரிய ஒட்டுத் தக்காளி நாற்றுகள் கிடைத்தன. முருங்கையும் கறிவேப்பிலையும் தவிர வேறெதுவும் தலையெடுக்காத எங்கள் கடற்கரை மணலில் அவை குலைகுலையாகக் காய்த்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போகிறவர்களையெல்லாம் கொல்லைக்கு இழுத்துப் போய்க் காட்டினேன். துபாயில் இருக்கும் என் கணவருக்கு வீடியோவில் ஒவ்வொரு குலையாகக் காட்டப்போய், "தக்காளிய விட்டுட்டு ஒம் மொகத்தக் காட்டுடி" என்று அவர் அலுத்துக்கொண்டார்.

2. முகாமில் தங்கள் பணியாளர் திருமதி கோகிலா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "அக்கா, இது ஒட்டு ரகம். இந்தப் பழத்துல வெத எடுத்துப் போடாதீக. தாய்ச்செடி மாதிரி வராது. அடுத்த தடவ புது வெதயா வாங்கிப் போடுங்க." ஆகவே அவர் மீது எந்தக் குறையும் இல்லை. நான்தான் தலையை ஆட்டிவிட்டு, நம் பழத்தில் இல்லாத விதையா கடையில் இருக்கிறது என்று நினைத்தேன். நன்றாகத் திரண்ட பழங்களாகப் பார்த்து விதை எடுத்து, சாம்பலில் புரட்டி வைத்தேன். சென்ற புரட்டாசியில் அதில் நாற்றுவிட்டு, கிண்ணங்களில் வைத்துத் தெருவில் வீட்டுக்கு வீடு கொடுத்தேன். சும்மாவும் கொடுக்கவில்லை. அப்படிக் காய்க்கும் இப்படிக் காய்க்கும் என்று அளந்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

3. எங்கள் ஊரில் வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டார்கள். காய்ப்புக்காலம் வந்ததும் ஒவ்வொரு கிண்ணமாக, "ஒங்க நாத்துல காச்சது லாத்தா" என்ற சொல்லோடு (அக்காவை நாங்கள் லாத்தா என்போம்) தக்காளி நிரம்பி வந்தது. என் கொல்லையிலோ ஒரு செடி வெறும் இலையாக வளர்ந்தது, ஒன்று சுண்டைக்காய் அளவுக்குக் காய்த்தது, மீதியில் இலைச்சுருட்டை. கோளாறு என் கொல்லையில்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

4. எங்கள் தெருவில் தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் அபிராமத்துக்காரர் தர்மராஜ்தான் என் கண்ணைத் திறந்தார். "எல்லா வீட்லயும் செடி இருக்குங்குறீக, ஆனா எல்லாரும் எங்கிட்டதான தக்காளி வாங்குறாக? அதுவும் கிண்ணத்தக் கொண்டாந்து, அது நெறயுற அளவுக்கு!" ஐயா, எந்த வீட்டிலும் செடி உருப்படவில்லை. என் முகம் வாடக் கூடாதென்று அவரிடம் வாங்கி நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள். நான் அங்கேயே கூனிக் குறுகிப் போனேன்.

5. பொய் சொல்லத் தெரியாமல் போனவள் ஒருத்திதான், எதிர்வீட்டு மருமகள் லாமியா. கிண்ணத்தில் சீனி போட்டுக் கொண்டுவந்து, "செடி பட்டுப்போச்சு லாத்தா, என் கைராசி அப்படிப் போல" என்றாள். கல்யாணமாகி இன்னும் குழந்தை இல்லாத பெண் அவள். நான் தர்மராஜ் சொன்னதைக் கேட்ட மறுவாரம், ஒரு கல்யாண வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அவள் மாமியார் சூஃபியா மாமி எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: "தெருவே காய் பறிக்குது. இவ கை பட்டது மட்டும் வெளங்க மாட்டேங்குது. செடியும் அப்படித்தான், வகுறும் அப்படித்தான்."

தக்காளி வாங்கி நிரப்பிய அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று அவர்கள் சும்மா இருந்தார்கள். நான் எதற்குச் சும்மா இருந்தேன்? என் பவிசு போய்விடும் என்றுதான். லாமியா வெங்காயத்தைச் சாக்கு வைத்து அழுதாள். நான் குனிந்து உரித்துக்கொண்டே இருந்தேன்.

எனவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து,

அ. ஒட்டு ரகத்தில் எடுத்த விதை எந்தக் கைக்கும் சரியாக வராது என்பதை எங்கள் தெருவுக்கு வந்து பெண்கள் முன்னிலையில் எடுத்துச் சொல்லவும்,

ஆ. உப்புத் தண்ணீரையும் கடல்காற்றையும் தாங்கி, இலைச்சுருட்டைக்கு ஈடுகொடுத்து நன்கு காய்க்கும் வீரிய ஒட்டு ரகம் எது என்று பரிந்துரைத்து, அதன் நாற்றுகளை வழங்கவும், முதல் நாற்றை லாமியாவின் கையில் கொடுக்கவும்

பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நோன்பு நெருங்குகிறது. இந்தப் பாரத்தோடு அதற்குள் நுழைய எனக்கு மனம் வரவில்லை. தாங்கள் வந்து சொல்வீர்கள் என்று காத்திருப்பதும் தங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதுதான் என்று இதை எழுதி முடிக்கும்போது உறைக்கிறது. ஆகவே கீழே, நகல் பெறுவோரில் ஒரு பெயரைச் சேர்த்திருக்கிறேன்.

இடம்: பனைக்குளம்
நாள்: 17.02.2025

இப்படிக்கு,
தலைகுனிவுடன்,
மு. உம்மு ஹபீபா

நகல்: சூஃபியா மாமி அவர்கள், எதிர்வீடு. மாமிக்குக் கண் சரியாகத் தெரியாது. இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு நானே போய், லாமியாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தமாக வாசித்துக் காட்டுவேன்.