ஹார்ட்டின் ஆறு

ஜூலை 5, ஞாயிறு

விடிந்ததிலிருந்து காற்று. உலர்த்திய வேட்டி பக்கத்து மாடியில் கிடந்தது. தளிகை: சாத்தமுது, கத்திரிக்காய் கறியமுது. பெருமாளுக்கு அமுது செய்யப் பண்ணிவிட்டு, 9.15க்கு ஒன்றாம் நம்பர் பஸ். கண்டோன்மென்ட், சீட்டு கிளப். ஆறு மேஜை. அவரும் நானும் ஒரு ஜோடி.

ஏழாம் பலகை ஆட்டம் மட்டும் எழுதி வைக்க வேண்டும். மறக்கக் கூடாது.

ஹார்ட்டின் துருப்பு. ஆடுவது அவர். நான் டம்மி, சீட்டை விரித்து வைத்துவிட்டு, முடிகிறவரை வாய் திறக்காமல் உட்கார வேண்டும்.

அவரிடம்: ஏஸ், ராஜா, ஜாக்கி, 9, 4.
என்னிடம்: 10, 7, 6, 3.
ஆக ஒன்பது. வெளியே நாலு. அந்த நாலில் ராணி.

ஒன்பது இருந்தால் ஏஸ், ராஜா இரண்டையும் போட்டுவிடுவது. ராணி தானாக விழ வாய்ப்பு அதிகம். எட்டே இருந்தால் ஏஸ் மட்டும் போட்டு, என் பக்கத்திலிருந்து ஒரு சின்னச் சீட்டை விட்டு, ஜாக்கியை நுழைத்துப் பார்ப்பது. அவர் கிளப்பில் ஆட ஆரம்பித்த நாளிலிருந்து இப்படித்தான். பேப்பரில் வரும் பிரிட்ஜ் பகுதியை வெட்டி ஒட்டி நானாகப் படித்ததிலும் இப்படித்தான்.

இன்று ஏஸ் போட்டார். என் பக்கம் வந்தார். என் ஏழை விட்டு ஜாக்கியை நுழைத்தார். எதிர் ஜோடியில் இருந்த அருள்தாஸ் சார் ராணியைப் போட்டு எடுத்துக்கொண்டார். ராஜாவைப் போட்டிருந்தால் அந்த ராணி விழுந்திருக்கும். ஒரு பிடி குறைந்து தோற்றோம்.

“என்ன சாமி, ராணியப் பாத்தா அவ்ளோ பயமா? வீட்லயும் இப்படித்தானா?” அருள்தாஸ் சார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும்.

நான் சீட்டைத் திரும்பப் பலகையில் செருகினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். “ஏழாம் பலகையிலே நம்மகிட்ட ஹார்ட்டின் எத்தனைன்னா?”

“எட்டு.”

“ஒன்பதுன்னா.”

“எட்டு, கோதை.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காவிரியில் தண்ணீர் நிறைய.

ஐம்பத்திரண்டு சீட்டையும் யார் கையில் எது என்று ஒப்பிக்கிறவர்.


ஜூலை 6, திங்கள்

காற்று நிற்கவில்லை. கண்ணெல்லாம் மணல்.

அவருடைய அண்ணாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் எண்ணிக்கை. பிறகு தெரு. கடைசியில் பெற்ற பிள்ளையையே, “சார் யாரு?” என்று கேட்டார்.

அவர் வெளியே போன நேரம் எதிராளிகளின் இருபத்தாறு சீட்டை எடுத்து, அந்த நாலு ஹார்ட்டினும் உள்பட, கலைத்துப் பதின்மூன்று பதின்மூன்றாகப் பிரித்தேன். ஐம்பது தடவை. கணக்கு நோட்டின் பின்பக்கம் கோடு போட்டேன்.

இரண்டையும் போடும் வழி: 27 தடவை பலித்தது.
ஜாக்கி வழி: 26.

ஒரே ஒரு வித்தியாசம். அப்படியானால் பெரிய தப்பே இல்லை. அரை மணி நேரம் நிம்மதி.

பிறகு தோன்றியது. ஒன்பது என்று தெரிந்தே ஜாக்கியை நுழைத்திருந்தால் அது அவர் இஷ்டம். ஆனால் எட்டு என்றாரே. என்னுடைய நாலு சீட்டு மேஜைமேல், அவர் கண்ணெதிரே, கால் மணி நேரம் கிடந்தது. அதை மூன்று என்கிறார்.

தாயார் சன்னிதியில் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது. அவ்வளவுதான் வாயில் வந்தது. பின்னால் யாரோ, “இந்த மாமிதான் புருஷனோட சீட்டாடப் போறவா,” என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.


ஜூலை 7, செவ்வாய்

தயிர் இரண்டு பாக்கெட் வாங்கி வந்தார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

“எதுக்குன்னா ரெண்டு?”

“நீதானே ரெண்டு வாட்டி சொன்னே.”

ஒரு தடவைதான் சொன்னேன். சண்டை போடவில்லை. நோட்டில் தேதி போட்டுக் குறித்தேன்: தயிர், இரண்டு தடவை.

மொட்டைமாடிக்குப் போய்ப் புத்தூரில் நரம்பு டாக்டருக்கு போன் செய்தேன். சனி 11 மணி. பேஷண்ட் பெயர்: அவர் பெயர். அவரிடம் எப்படிச் சொல்லி அழைத்துப் போவது? கால் மரத்துப்போகிறது எனக்கு, துணைக்கு வாங்கோ என்று சொல்லலாம். பெருமாள் பொய்யை மன்னிக்கட்டும்.

மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் வீட்டை விற்றுவிட்டு வா என்பாள்.


ஜூலை 8, புதன்

அவரைச் சோதித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. மா. 4, காபிக்குப் பிறகு. நாலு திசைக்கு நாலு கை சீட்டைப் போட்டு, ஒரு நிமிஷம் காட்டி, மூடினேன்.

“தெற்கே என்ன?”

சொன்னார். கிழக்கு, மேற்கு, வடக்கு, எல்லாம். ஒன்று தப்பவில்லை.

“இன்னொண்ணு போடறேன்.”

“எதுக்கு கோதை இதெல்லாம்? பரீட்சையா?”

“சும்மாதான்.”

“ஞாயித்துக்கிழமையிலேர்ந்து நீ இதையே பிடிச்சிண்டிருக்கே. எட்டு சீட்டு. ஏஸ் போட்டேன், உன் பக்கம் வந்தேன், ஜாக்கியை நுழைச்சேன். ராணி அந்தப் பக்கம் இருந்தா நான் என்ன பண்ண?”

“ஒன்பது.”

“நீ இப்பல்லாம்...” ஆரம்பித்து நிறுத்திவிட்டார். சீட்டை அடுக்கி டப்பாவில் போட்டார். ரொம்ப மெதுவாக.

என்ன சொல்ல வந்தார்? நீ இப்பல்லாம் தொல்லை பண்ணறே என்றா? கோபம் அதிகமாவதும் ஓர் அறிகுறி என்று எங்கோ படித்திருக்கிறேன். குறித்துக்கொண்டேன்.

சாயங்காலம் அருள்தாஸ் சாருக்கு போன். கிளப் சாவி அவரிடம். ஞாயிறு வராத இரண்டு ஜோடிகள் வியாழன் சாயங்காலம் அதே பலகைகளை ஆடப்போகிறார்களாம். அதுவரை யாரும் கலைக்க மாட்டார்கள். ஒவ்வொரு பலகையிலும் நாலு திசைக்கு நாலு பை. ஆட்டம் முடிந்ததும் அவரவர் பதின்மூன்றைத் திரும்ப அதே பையில் செருகுவது வழக்கம். என் சீட்டு இன்னும் அப்படியே இருக்கும்.

பார்த்துவிட வேண்டும். டாக்டரிடம் ஆதாரத்தோடு பேசலாம்.


ஜூலை 9, வியாழன்

அவரிடம் உறவுக்காரர் வீடு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கா. 11. வெயில். கிளப் மாடியில் அருள்தாஸ் சார் தனியாக, மின்விசிறிக்குக் கீழே.

“வாங்க மேடம். தனியாவா? சாமியை வீட்ல பூட்டிட்டீங்களா?”

“ஏழாம் பலகையை ஒரு தடவை பார்க்கணும் சார்.”

“ஆடிட்டிங்கா? பாருங்க, பாருங்க. என் ராணிய மட்டும் வெச்சிட்டுப் போயிடுங்க.”

வடக்குப் பை என்னுடையது. எடுத்தேன். நிறம் பிரித்து அடுக்கினேன்.

ஹார்ட்டின்: 10, 7, 3.

மறுபடி அடுக்கினேன். ஸ்பேடு நாலு, டைமண்ட் நாலு, கிளாவர் இரண்டு, ஹார்ட்டின் மூன்று. பதின்மூன்று. சரியாகப் பதின்மூன்று.

ஆறு எங்கே? கிழக்குப் பையில். 6, 5, 2 என்று எதிராளியிடம். என் கைக்கு வரவே இல்லை.

“சார், யாராவது மாத்தி வெச்சிருப்பாளோ?”

“சான்ஸே இல்ல மேடம். உங்களுக்கப்புறம் இன்னும் நாலு மேஜை இதே சீட்டை ஆடிச்சே. நாங்க கணக்கு எழுதற தாள்லகூட இருக்கு.” எடுத்துக் காட்டினார். வடக்கு: 10, 7, 3. “சாமி கரெக்டாதான் ஆடினாரு. எட்டு சீட்டுக்கு அதான் வழி. கிண்டல் பண்ணினேன், அவ்ளோதான். அதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?”

ஆமாம் என்றேன்.

எனக்கு அந்த ஆறு தெரிகிறது. இப்போதும். ஏழுக்குக் கீழே, மூன்றுக்கு மேலே, கொஞ்சம் சாய்ந்து. விரித்து வைத்தவள் நான். அது மேஜையில் இருந்தது. இருந்ததாகக் கண்ணுக்குள் இருக்கிறது.

அதே ஞாயிறு சாயங்காலம் என் கையெழுத்தில் எழுதியதுதான் மேலே. மறக்கக் கூடாது என்று.

பஸ்ஸில் அண்ணாசிலை வரைக்கும் பாசுரங்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் விடவில்லை. சின்ன வயதில் சேர்ந்தது எல்லாம் பத்திரமாக இருக்கிறது. போன ஞாயிறுதான் இல்லை.

தயிர்?

பக்கத்து இருக்கைப் பெண், “மாமி, ஸ்ரீரங்கம் வந்துடுச்சி, எறங்கலையா?” என்றாள். எத்தனை தடவை கூப்பிட்டாளோ.


ஜூலை 10, வெள்ளி

ஏகாதசி. அடுப்பு மூட்டவில்லை. காற்று இன்று இல்லை, புழுக்கம்.

காலை முழுக்க யோசனை. டாக்டர் நேரத்தை ரத்து செய்யலாம். ஒரு சீட்டுதானே. யாருக்கும் தப்பும். அருள்தாஸ் சாருக்கே எத்தனையோ தடவை தப்பியிருக்கிறது. ஆனால் தப்பிவிட்டது என்று சார் ஒப்புக்கொள்வார். நான் நாலு நாள் வேறொருவருக்கு வியாதி என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு போன் செய்தேன். மாடிக்குப் போகவில்லை. கூடத்திலேயே, ஸ்பீக்கரில். அவர் ஊஞ்சலில் பேப்பரோடு.

“நாளைக்குப் பதினோரு மணி. பேஷண்ட் பேரை மாத்தணும்மா.”

“சொல்லுங்கம்மா, யாரு பேருக்கு?”

என் பெயர் சொன்னேன். வயசு சொன்னேன்.

“என்ன தொந்தரவு?”

“மறதி.”

ஊஞ்சல் நின்றது.

“கூட யாராச்சும் கண்டிப்பா வரணும்மா. வீட்ல உங்களைக் கூடவே இருந்து கவனிக்கிறவங்க. டாக்டர் அவங்ககிட்டதான் நெறைய கேப்பாரு.”

அவர் எழுந்து வந்து போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“நான் வரேன்மா. ஆத்துக்காரர்தான். ஆமா. எப்பலேர்ந்துன்னு தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன், கொண்டு வரேன்.”

வைத்துவிட்டு ஊஞ்சலுக்குப் போனார். பேப்பரை எடுத்தார். என்ன ஆயிற்று, எதற்கு டாக்டர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.