விற்ற ராசு

எவ்வளவு கழுவினாலும் உன் தராசிலிருந்து மீன் வாடை போகவில்லை. சவர்க்காரம் போட்டேன், தேசிக்காய் தேய்த்தேன். "இதை வெளியில கொண்டு போய்த் தொங்க விடுங்களேன்" என்று என் மனைவி இரண்டு தரம் சொல்லிவிட்டாள். கொழும்பில் மூன்றாம் மாடியில் இருப்பவனுக்கு வெளி என்று ஓர் இடம் ஏது? குசினிக் கதவு நிலையில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். கொக்கியில் ஒன்றும் இல்லை. ஆனாலும் முள் முந்நூறு கிராமில் நிற்கிறது.

உன் தம்பிதான் வாசலில் வைத்துத் தந்தான். உன் மனைவி உன்னை இழந்து இத்தாவில் இருக்கிறாள், அந்நிய ஆண்களின் முன் வரமாட்டாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "அது சரியா நிறுக்காது. நிறுத்துப்போட்டு முந்நூறு கழிச்சித்தான் மீன் குடுப்பாரு. உங்களுக்குக் குடுக்கணும் எண்டு எப்பவோ சொன்னவரு." ஏன் எனக்கு என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உயர்தர வகுப்பில் பௌதிகவியல் புத்தகத்தை உரத்து வாசிக்கும் முறை அன்று உன்னுடையது. ஸ்பிரிங் என்கிற வில்லையும் தராசையும் சேர்த்து 'விற்றராசு' என்று எழுதியிருந்தார்கள். நீ வாசித்தாய்: "விற்ற ராசு ஒன்றில் பத்துக் கிலோகிராம் திணிவு தொங்கவிடப்பட்டுள்ளது." பிறகு நிமிர்ந்து, "சேர், இந்த ராசு என்னத்த வித்தவர்?" என்றாய். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. நீ பகிடி விட்டதாக எல்லாரும் நினைத்தார்கள். பக்கத்தில் இருந்த எனக்குத்தான் உன் காது சிவந்தது தெரியும். அன்றோடு நீ 'விற்ற ராசு' ஆனாய், உன் சொந்தப் பெயரை வாத்தியார்மாரே மறந்துபோனார்கள்.

உயர்தரச் சோதனைக்கு முந்திய கிழமை பள்ளிவாசல்துறையில் உன் வாப்பாவின் மீன் வாடியில் நாம் செய்த வேலை ஞாபகம் இருக்கிறதா? தராசின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் வில்லுக்குப் பக்கத்தில் நீ அளப்பதற்கு அடிமட்டத்தைப் பிடித்தாய். பத்துக் கிலோப் பாரை மீனைக் கொக்கியில் கொளுவி, முள் துள்ளாதபடி அடியில் இரண்டு கையையும் கொடுத்து மெல்ல மெல்ல இறக்கியது நான்.

"நூறு நியூட்டன். இறங்கினது நாலு சென்டிமீட்டர். அப்ப செய்த வேலை நாலு யூல்" என்றாய்.

"ரெண்டுடா. பாதி போடணும். வில்லு தொடக்கத்துல லேசா இழுக்கும், போகப் போகத்தான் கூட இழுக்கும். அதால சராசரி."

"அது வில்லுட கதை. மீன் முதல்லயும் பத்துக் கிலோதான், கடைசியிலயும் பத்துக் கிலோதான். மீன் நாலு குடுத்திரிக்கி. வில்லுல ரெண்டுதான் இரிக்கி. மத்தப் பாதி எங்க மச்சான்?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "பாதியப் போட்டுட்டுப் போடா. உனக்கு மார்க்ஸ் வேணுமா, விளக்கம் வேணுமா?" என்றேன். எனக்கு அப்போதே அப்படி ஒரு வாய்.

வில் கணக்கு சோதனையிலும் வந்தது. வெளியே வந்து நீ சொன்னாய்: "அதுலயே ஒரு மணித்தியாலம் போச்சு. தேடினன், கிடைக்கல்ல." நம்பாத ஒன்றை எழுத உன் கை வரவில்லை. எனக்கு வந்தது. நான் எஞ்சினியரிங் படிக்கக் கம்பஸ் போனேன், நீ துறைக்குப் போனாய். ஒரு கேள்வியால் யாரும் தோற்பதில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மணித்தியாலத்தால் தோற்கலாம்.

முதல் வருடத்திலேயே விடை கிடைத்துவிட்டது. பாரத்தைச் சும்மா விட்டால் அது கீழே போய்த் துள்ளித் துள்ளி, பாதியைச் சூடாகத் தொலைத்துவிட்டுத்தான் அடங்கும். கையால் தாங்கி இறக்கினால் அந்தப் பாதியைக் கை வாங்கிக்கொள்ளும். இவ்வளவுதான். நீ கேட்டது சரியான கேள்வி. எங்கள் வகுப்பில் வேறு யாருக்கும் அது தோன்றவேயில்லை.

விடுமுறையில் ஓடி வந்தேன், சொல்லத்தான். இதே தராசில் நீ சூடை மீன் நிறுத்துக்கொண்டிருந்தாய். "வாங்க எஞ்சினியர்" என்றாய். உன் குரலில் பொறாமை ஒரு துளி இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். அது இல்லாததால் வெட்கம் என் வாயைக் கட்டிவிட்டது. அடுத்த பெருநாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். எத்தனை பெருநாள் வந்து போனது!

பிறகு ஒருநாள் நீயே, மீனைப் பையில் போட்டபடி, "அந்தப் பாதி கிடைச்சதா மச்சான்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டாய். "அதெல்லாம் மறந்து போச்சுடா" என்றேன். பொய். நீ தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாய். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை.

உன் மௌத்துச் செய்தி கேட்டு நான் பாலாவிச் சந்தியில் பஸ் மாறும்போது, அஸர் தொழுகைக்கு முன்னமே அடக்கிவிட்டதாக உன் தம்பி போனில் சொன்னான். நெஞ்சு நோகுது என்று கதிரையில் இருந்த நீ எழும்பவில்லையாம். கபுறடியில் மணல் காயக்கூட இல்லை. நம் ஆட்கள் துஆ கேட்டால் மௌத்தானவருக்குச் சேரும் என்கிறார்கள், கேட்டேன். பௌதிகவியல் சேருமா? எனக்கு நம்பிக்கை இல்லை. அளவுக்கு மிஞ்சி இழுபட்ட வில் பழைய இடத்துக்குத் திரும்பாது என்பதையும் நாம் ஒன்றாகத்தான் படித்தோம். உன்னில் என்னென்ன தொங்கியதோ, நான் கேட்டதே இல்லை.

இன்று காலை ஒரு சீனிப் பையைக் கொளுவி, அடியில் கையைக் கொடுத்து மெல்ல இறக்கிப் பார்த்தேன். பாரம் கையில் இருந்தது, குறைந்தது, பிறகு இல்லாமல் போனது. அன்றைக்கு நீ அடிமட்டத்தைப் பிடித்துக்கொண்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாய். என் கையை நீ பார்க்கவில்லை.

மற்றப் பாதி எங்கே என்று கேட்டாய். என்ட கையிலதான் இருந்திச்சு, மச்சான்.