கோழிக்குத் தொண்ணூறு

என் அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா?

வயரிங் சான்றிதழ் தேர்வை இம்முறை கம்ப்யூட்டரில் வைத்தார்கள். தேறிவிட்டேன், கவலைப்படாதே. ஆனால் எனக்கு ஐம்பத்தெட்டு, அறைத்தோழன் கோழிக்குத் தொண்ணூறு! கோழி கிளறியதுபோல் எழுதுவதால்தான் அவனுக்கு அந்தப் பெயர். தாளில் எழுதியவரை என் முத்துமுத்தான கையெழுத்துக்கே மார்க் விழும். இப்போது திரையில் விடையைத் தொட்டால் போதுமாம். வயிறு எரிகிறது.

அதோடு விட்டானா? அவன் கடிதத்துக்கு மனைவி எழுதிய பதிலையும் வாசித்துக் காட்டினான்: "உங்க கிறுக்கலப் படிச்சு முடிக்க ரெண்டு நாளாச்சு. ரெண்டு நாளும் நீங்க பக்கத்துலயே இருந்த மாதிரி இருந்துச்சு."

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. இரண்டு பனியன் அனுப்பு. இதை நீ இரண்டே நிமிடத்தில் படித்திருப்பாய். இன்னொரு தரம், மெதுவாகப் படி.

உன் வீட்டுக்காரன்