பத்து மாத்திரை அட்டை

நாகல் நகர், திண்டுக்கல்
11.3.2025

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

போனில் பேசினால் நீங்கள் குறுக்கே விழுகிறீர்கள், நான் பாதியில் அழுதுவிடுகிறேன். அதனால்தான் கடிதம். திருச்சியில் மெஸ் சாப்பாடு எப்படியோ தெரியாது. இங்கே நான் மூன்று நாளாக வெஞ்சனம் எதுவும் வைக்காமல் மோரை ஊற்றித் தின்றுவிட்டு டியூட்டிக்குப் போகிறேன்.

நடந்ததை முழுசாகக் கேளுங்கள். அய்யலூர் ஆட்டு வியாபாரி ஆண்டிச்சாமிக்கு மூட்டு வீக்கம். டாக்டர் மெத்தோட்ரெக்ஸேட் எழுதினார், வாரத்துக்கு ஒன்றே ஒன்று. அடுத்தடுத்துப் போட்டால் ஆளையே சாய்த்துவிடும் மாத்திரை. நீங்களும் மருந்தாளுநர்தானே, உங்களுக்குத் தெரியாததா? எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் எப்போதும் வாரச் சந்தையைக் கணக்கு வைத்துத்தான் சொல்வேன். சாணார்பட்டி விவசாயிகள் யாரும் இதுவரை தப்பாகப் போட்டதில்லை. அவரிடமும் அதையே சொன்னேன். "அய்யா, சந்தைக்குச் சந்தை ஒண்ணு போடுங்க." தலையாட்டிவிட்டுப் போனார்.

காய்கறி போடுகிறவருக்குத்தான் வாரத்தில் ஒரு சந்தை. இவர் வியாபாரி. வியாழக்கிழமை அய்யலூர், மற்ற நாட்களில் வேறு வேறு ஊர், வாரத்துக்கு ஐந்து சந்தை. ஐந்து மாத்திரை போட்டிருக்கிறார்! இரண்டே வாரத்தில் பத்து மாத்திரை அட்டை காலி. வாய் முழுக்கப் புண், காய்ச்சல், வெள்ளை அணுக்கள் சரிந்துபோய் நம் ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறார். அவர் மனைவி பொன்னழகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்ன மாதிரியேதான் போட்டாரு தாயி, ஒரு சந்தை கூடத் தப்பவிடல" என்றார். எனக்கு அங்கேயே உயிர் போய்விட்டது.

பிழைப் பதிவேட்டில் எழுதப் போகிறேன். ஐந்து வருஷமாக அதில் ஒரு வரி கிடையாது. எழுதுகிறவருக்கு மெமோ கொடுத்தால் யார் எழுதுவார்கள்?

உங்கள்
யுவராணி

*

திருச்சி
14.3.2025

அன்புள்ள யுவா,

முதலில் ஒழுங்காகச் சாப்பிடு. நீ பட்டினி கிடந்தால் அந்த மனிதர் எழுந்துவிடப் போகிறாரா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. தப்பு எல்லோருக்கும் வரும். ஆனால் அதை நாமே எழுதிக் கையில் கொடுக்கலாமா? இங்கே நம் தலைமை அலுவலகத்தில் பேசிவிட்டேன். இத்துடன் ஒரு விளக்கக் கடிதம் இருக்கிறது. 'மருந்து உட்கொள்ளும் முறை நோயாளிக்குத் தெளிவாக விளக்கப்பட்டது. நோயாளியின் கவனக்குறைவே காரணம்.' இரண்டே வரி. கையெழுத்துப் போட்டு அனுப்பு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவர் தேறி வருகிறாராம், விசாரித்தேன். பிறகு எதற்கு இந்த வீம்பு? உன் பெயர் கெட்டுவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன். உனக்காகத்தான்.

அன்புடன்
சேதுபதி

*

நாகல் நகர்
17.3.2025

அன்புள்ளவருக்கு,

எனக்காகவா? நல்லாயிருக்கு உங்கள் நியாயம்.

நேற்று அந்த விளக்கக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கவனக்குறைவாம்! நான் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் செய்த மனிதர் அவர். அவரைப் பார்த்து அப்படி எழுத எனக்கு நாக்கும் வராது, கையும் வராது. என்ன தொழில் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கவரில் கிழமையை எழுதி, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை. அது என் தப்பு, பதிவேட்டில் முதல் வரியாக அதைத்தான் எழுதினேன்.

இரண்டாவது வரியையும் எழுதிவிட்டேன். அதை நீங்கள் என் வாயால் கேட்பதுதான் முறை. ஒரு மாதத்துக்கு அவருக்கு வேண்டியது நாலே மாத்திரை. நாலை மட்டும் வெட்டிக் கொடுத்திருந்தால் முதல் வாரமே தீர்ந்து, "என்னம்மா, ஒரு மாசத்துக்குன்னு சொன்ன, அதுக்குள்ள தீந்துபோச்சு?" என்று என் கவுன்ட்டரில் வந்து நின்றிருப்பார். அன்றைக்கே பிடித்திருப்பேன். நான் ஏன் வெட்டவில்லை? அட்டையை வெட்டக் கூடாது, முழு அட்டையாகத்தான் விற்க வேண்டும் என்று போன ஆகஸ்டில் ஒரு சுற்றறிக்கை வந்தது. கீழே கொள்முதல் மேலாளர் கையெழுத்து. உங்கள் கையெழுத்து.

அப்போதே போனில் சொன்னேன், சில மாத்திரைக்கு இது ஆபத்து என்று. "மேலிடத்து உத்தரவு, விடு" என்றீர்கள். நானும் விட்டேன். உங்களுக்காக விட்டேன். அதையும் எழுதியிருக்கிறேன்.

கோபப்படுங்கள், திட்டுங்கள். ஆனால் அந்தச் சுற்றறிக்கையை நீங்களே திரும்பப் பெற்றுவிடுங்கள். இன்னும் எத்தனை வீட்டில் அந்தப் பத்து மாத்திரை அட்டை கிடக்கிறதோ. கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள்
யுவா

*

திருச்சி
21.3.2025

பெறுநர்: திருமதி சே. யுவராணி, மருந்தாளுநர், திண்டுக்கல் கிளை

பொருள்: தற்காலிகப் பணிநீக்கம்

நிர்வாகத்தின் அனுமதியின்றி நிறுவனத்துக்குப் பாதகமான செய்திகளைப் பதிவேட்டில் எழுதியதற்காக, தாங்கள் இன்று முதல் மறு உத்தரவு வரும்வரை பணியிலிருந்து விலக்கி வைக்கப்படுகிறீர்கள். பதிவேட்டைக் கிளை மேலாளரிடம் உடனடியாக ஒப்படைக்கவும். மருந்து அட்டைகள் குறித்த சுற்றறிக்கை நடைமுறையில் தொடரும்.

இப்படிக்கு
இரா. சேதுபதி
கொள்முதல் மேலாளர்

*

நாகல் நகர்
24.3.2025

கொள்முதல் மேலாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வேறு யாரும் கையெழுத்துப் போட மறுத்தார்களா, தாங்களே கேட்டு வாங்கினீர்களா என்று தெரியவில்லை. எதுவாயினும் பேனா தங்கள் கையில்தான் இருந்தது.

பதிவேட்டை ஒப்படைத்துவிட்டேன். அதற்கு முன் அந்தப் பக்கத்தை மூன்று நகல் எடுத்தேன். ஒன்றை மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். இன்னொன்றை வார்டுக்குக் கொண்டுபோய் ஆண்டிச்சாமியின் கட்டிலருகே உட்கார்ந்து முழுசாக வாசித்துக் காட்டினேன், என் தப்பு உட்பட. வாய்ப்புண் ஆறாததால் அவர் மெதுவாகத்தான் பேசினார். "எம் மேல தப்பில்லன்னு எழுதிருக்கியா? அம்புட்டுப் பேரும் என்னயத்தான வஞ்சாக" என்றார். பொன்னழகு அந்தத் தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். நான் அழவில்லை.

மூன்றாவது நகலைக் கையில் வைத்துக்கொண்டு, மருந்தகத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஷாஹினா கிளை மேலாளர் முன்னால் போய் நின்றாளாம். "நானும் கைய கட்டிக்கிட்டு முழு அட்டையத்தான் குடுத்தேன், என்னயும் சஸ்பெண்ட் பண்ணுங்க" என்றாளாம். எங்கள் இன்னொரு மருந்தாளுநர் அன்னாளும் கூடவே போயிருக்கிறாள். இன்று காலையிலிருந்து இருவரும் அந்த மாத்திரையை நாலு நாலாக வெட்டி, கவரில் கிழமை எழுதிக் கொடுக்கிறார்கள். தங்கள் சுற்றறிக்கையைத் தாங்களே வந்து நடத்திக்காட்டுங்கள்.

வேலையை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிய வரியில் ஒரு புள்ளியைக்கூட எடுக்க மாட்டேன்.

என் புருஷனுக்கும் சேர்த்து ஒரு செய்தி. ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தால் சேதுபதியாக வரட்டும், அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்ற தாளோடு வரட்டும். மேலாளராக வந்தால் அந்த ஆளுக்கு இந்த வீட்டில் சோறு கிடையாது.

இப்படிக்கு
யுவராணி
மருந்தாளுநர்