மருமகள் விட்ட குத்து

ஞாயிற்றுக்கிழமை. நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள்.

சிதம்பரம் பஸ்ஸில் எவனோ கையைப் பிடித்ததிலிருந்து மருமகள் செல்வி வேலைக்குப் போகவில்லை. அதனால்தான் கடலூரில் குடும்பத்தோடு பாக்ஸிங் பழகுகிறோம். இன்று அவளுக்கு எதிரே, குத்து வாங்கும் பேடைப் பிடித்து நான் நின்றேன். மாமனாரைக் கண்டதும், டி-ஷர்ட்டில் இல்லாத முந்தானையைக் கையுறையோடு இழுத்து மூடப் பார்த்தாள். ஒவ்வொரு குத்துக்கும், "மன்னிச்சிடுங்க மாமா" என்றாள்.

"பஸ்ஸுல அவங்கிட்டயும் இப்படித்தான் கேப்பியாம்மா?" என்றேன்.

அடுத்த குத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சின்ன வயதில் நெல்லிக்குப்பம் ஆலை வாசலில் கரும்பு வண்டியைச் சாய்த்தபோது அப்பா அறைந்தார். அதற்குப் பிறகு நான் வாங்கிய அடி இதுதான்.

இந்தத் தடவை அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. "நாளைக்கு வேலைக்குப் போறேன் மாமா" என்றாள்.

கை வீங்கி, ராத்திரி கரண்டியால்தான் சாப்பிட்டேன். சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

பேத்தி இன்னும் பேனாவை வைக்கவில்லை. "எங்கம்மா குத்துனத இன்னொரு வாட்டி சொல்லு தாத்தா" என்கிறாள்.